சிவப்பு சோடா லாரிக்கு ஆயுத பூஜை

மேற்குத் தாம்பரம்

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு, அத்திம்பேர் ஸ்ரீரங்கன் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்கா காமுவும் சௌக்கியம். ஒசாகாவில் நீயும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டாலே காமு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

நீ வருஷா வருஷம் அனுப்பும் அந்தக் காலத்து ஜப்பான் சோடா லாரி பொம்மைகளை, பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று நீ சொன்னபடியே, பெட்டி பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பினாயே, பின்னால் கோலி சோடா அடுக்கிய சிவப்பு லாரி, அதைப் பல்லாவரம் லாசரஸ் சார் கேட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவரும் சேகரிக்கிறார். பதிலுக்குத் தன்னுடைய நீல மூன்று சக்கர லாரியைத் தருவதாகச் சொன்னார். எனக்கு மனமே இல்லை. ஆனால் வாய், "அதுக்கென்ன சார், எடுத்துக்குங்கோ" என்று சொல்லிவிட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வருவதாக ஏற்பாடு.

பூஜையன்று காலை பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், லாரிகள் எல்லாம் பெட்டியை விட்டு வெளியேறி, என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. முகப்பில் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழம் பெரிதாக இருக்கிறதென்று ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு திராட்சை.

"ஏன்னா முழிக்கறேள்? லாரியும் வண்டிதானே? ஸ்கூட்டருக்கு மட்டும்தான் பூஜையா?" என்றாள் காமு. "ஆனா பாருங்கோ, ஏத்தினா திராட்சை நசுங்கவே மாட்டேங்கறது. உங்க லாரிக்கு வெயிட்டே பத்தல."

இத்தனை நாள், "ஆம்பளைக்கு என்ன வருஷம் பூரா கொலு?" என்று கேட்டவள், முதல் தடவையாக அவற்றுக்கு மரியாதை செய்திருக்கிறாள். கெடுத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வேன்? நன்றாயிருக்கிறது என்றேன். சொன்ன பிறகு பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சக்கரங்கள் சுழலும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பார்த்து மகிழ நீ அனுப்பியதைத் தொடாமல் பூட்டி வைத்தது ரசனையா, பயமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் லாசரஸ் வந்தார். "இன்னா சார், சோடா லாரிக்கு எப்.சி. முடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். பிறகு, "பெட்டி பிரிச்சத வெச்சுக்கினு நான் இன்னா சார் பண்றது?" என்று சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொடுத்த வாக்கு என்னை உறுத்துகிறது. ஆகவே, அதே சிவப்பு லாரி பிரிக்காத பெட்டியோடு இன்னொன்று கிடைத்தால், நேராக லாசரஸ் விலாசத்துக்கு அனுப்பிவிடு. பெட்டி பிரித்தது தப்பு என்று அக்காவிடம் மூச்சு விடாதே. அவள் மனசு நோகக் கூடாது.

குழந்தைகளுக்கு என் அன்பு. சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்

பின்குறிப்பு: ஷ்யாமு, அக்கா எழுதுகிறேன். வழக்கம்போல், "நீயும் உன் தம்பிக்கு ரெண்டு வரி எழுது" என்று கடிதத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? லாசரஸிடம் தலையாட்டிவிட்டு வந்ததிலிருந்து இவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இல்லை என்று சொல்ல இவருக்கு வராது. அதனால் சிவப்பைப் பிரித்தேன். அதை மட்டும் பிரித்தால் சந்தேகம் வரும் என்று மற்றதையும் பிரித்தேன். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். இதை நான் படித்ததாகவும் சொல்லாதே. என் மனசு நோகக் கூடாதாம், பாவம். கவரை நானே ஒட்டிவிடுகிறேன்.