துணைக்கேள்வியும் கிருஷ்ணாயிலும்

எங்கள் துணைக்கேள்வி பிறந்தபோது அழுதிருக்கவே மாட்டார். மருத்துவச்சியைப் பார்த்து, "இன்னாத்துக்கு அடிக்கிறே? எந்த ஆர்டருல அடிக்கிறே?" என்றுதான் கேட்டிருப்பார். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அவர் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுச் சீட்டோடு சரி. கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் வரை, லாரி டிரைவர்களுக்குக்கூட அவர் துணைக்கேள்விதான். சட்டசபையில் ஒரு கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்ன பிறகு, அந்தப் பதிலிலிருந்தே இன்னொன்றைக் கிளப்புவதற்குத் துணைக்கேள்வி என்று பெயர். மற்றவர்கள் ஒன்று கேட்டுவிட்டு உட்காருவார்கள். இவர் உட்காரும்போதே அடுத்ததைக் கேட்டுக்கொண்டு உட்காருவார்.

அந்தப் பழக்கம் ஊருக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. எதையும் அ, ஆ, இ என்று பிரித்துத்தான் கேட்பார். அதில் 'இ' மட்டும் மாறவே மாறாது.

"அ, வடை சூடா கீதா? ஆ, சூடுன்னா எப்ப போட்டது? இ, இல்லாங்காட்டி ஏன்?"

நாஷ்டா கடைக்காரர் மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் சூடான வடையும் ஆறிவிடும்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே அல்லாடிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் எளாவூரில் சர்க்கார் ஜீப் ஒன்றை மறித்து நின்றார். உள்ளே நான் வேலை பார்த்த ஆபீஸின் பெரிய அதிகாரி, பக்கத்தில் அவர் சம்சாரம்.

"எங்க சார் போய்க்கினு கீறீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன்."

"அம்மா மடியில தேங்கா, பூவு எல்லாம் கீது. ஆந்திராவுல போயி சாமிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணப் போறீங்களா? ஜீப்புக்கு பெட்ரோல் யாரு துட்டு?"

ஜீப் வந்த வழியே திரும்பியது. அந்த அம்மாள் பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிட்டு வந்ததாகக் கேள்வி.

அரசாங்கத்தில் எதையும் மூடி வைக்கக் கூடாது என்பார். எண்ணெய் லைசென்ஸ் யாருக்குக் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய், சுவரில் எழுதி ஒட்டு என்பார். அவருக்குப் பிடிக்காத வாக்கியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பதில் சொல்ல மனமில்லாதபோது அதிகாரிகள் எழுதிக் கொடுக்கும் "இக்கேள்வி எழவில்லை". அதைக் கேட்டால் போதும், மனிதருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "எழலியா? நான் எழுந்துதானே கேக்கறேன்!" என்று குதிப்பார்.

இனி என் வண்டவாளம். நான் அந்தப் பக்கத்துச் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தபால் பிரிக்கும் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறவன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு புகார் வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒருநாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து மனு வந்தது. எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தவள் தேசம்மா என்ற மீன்காரம்மா. "எங்க குப்பத்துக்குக் கிருஷ்ணாயில் வேண்டும். விளக்கேற்ற வழியில்லை. ஊரே இருட்டாகக் கிடக்கிறது."

மண்ணெண்ணெய்க்கு அந்தப் பக்கத்தில் கிருஷ்ணாயில் என்று பெயர். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் அது சீமெண்ணெய். பாவம், எழுதினவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்று, தபால் ரிஜிஸ்டரில் பதியும்போது நானே நடுவில் ஒரு 'கோ'வைச் சேர்த்துக் 'கிருஷ்ணா கோயில்' ஆக்கினேன். விளக்கேற்ற வழியில்லையாமே என்று உருகி, "பக்தியுள்ள குப்பம், பரிவுடன் கவனிக்கலாம்" என்று குறிப்பும் எழுதி, கோயில்களைக் கவனிக்கும் துறைக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே குப்பத்து ஆண்கள் லாந்தருக்கு எண்ணெய் இல்லாமல் இருட்டில் வலை போடப் போய், தோணியும் தோணியும் மோதிக்கொண்டிருந்தன. மனு என்ன ஆயிற்று என்று துணைக்கேள்வி சபையில் கேட்டார். மண்ணெண்ணெய் கேட்டு எந்த மனுவும் வரவில்லை, ஆகவே மற்றக் கேள்விகள் எழவில்லை என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். மறுநாளே தேசம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தார். அவள் கையில் கோயில் துறைக் கடிதம். 'கிருஷ்ணன் கோயில் கட்டத் தற்போது நிதி இல்லை. ஊர் மக்கள் நன்கொடை திரட்டலாம்.'

"நான் சாமியா கேட்டேன் நைனா? கிருஷ்ணாயிலு கேட்டேன்! இவங்க இன்னாடான்னா என்னையே உண்டி குலுக்கச் சொல்றாங்க!" என்றாள் தேசம்மா.

"தபால் ரிஜிஸ்டர எடு தம்பி" என்றார் அவர் என்னிடம்.

எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, என் 'கோ'வின் மேல் விரலை வைத்தார். பக்கத்திலேயே என் சுருக்கொப்பம்.

"எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம்."

"அங்க இத்த இன்னான்னு சொல்லுவாங்க?"

"சீமெண்ணெய்ங்க."

"ஹும்." ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றே துணிமணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன்.

சபையில் அந்தக் கடிதத்தை அவர் படித்ததும் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். அமைச்சர் முகம் கறுத்துவிட்டது. "தவறு செய்த ஊழியர் யார் என்று உறுப்பினர் சொல்லட்டும். இன்றே சஸ்பெண்ட் செய்கிறேன்" என்றாராம்.

துணைக்கேள்வி எழுந்தார். "எனக்கு குமாஸ்தா வோணாங்க. கிருஷ்ணாயிலு வோணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் ஆயுளிலேயே துணைக்கேள்வி கேட்காமல் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான் என்பார்கள். அந்த மாதமே குப்பத்தில் எண்ணெய்க் கடை வந்தது. பேச்சு அதோடு நின்றது. எதையும் மூடி வைக்காதே என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர், என் பெயரை மட்டும் மூடி வைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குச் சொந்த ஊருக்கு மாற்றல் வந்தது. அதற்குள் அவர் தேர்தலில் தோற்றிருந்தார். சொல்லிக்கொள்ளப் போனபோது அதே நாஷ்டா கடையில் வடையும் கையுமாக இருந்தார். மனதில் கிடந்ததை அவர் பாணியிலேயே கேட்டேன்.

"அ, அந்தக் 'கோ' என்னுடையது என்று உங்களுக்குத் தெரியுமா? ஆ, தெரியும் என்றால், அமைச்சர் கேட்டும் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? இ..."



அவர் என்னைப் பார்த்தார். இலையில் இருந்த இன்னொரு வடையை என் பக்கம் தள்ளினார்.

"இக்கேள்வி எழவில்லை தம்பி. ஆறிடப் போவுது, துன்னு."

வடை எப்போதோ ஆறியிருந்தது. நான்தான் அழுதுகொண்டே தின்றேன்.