ஆமாங்க ரேகை

சரவணம்பட்டிக் கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆனாலும் செருப்பு விட இடம் இல்லை. ஐநூறு கட்டைவிரல்கள் வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பின்னால் நின்றார்கள்.

மேடையில் டாக்டர் சசிதர். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது. கட்டைவிரலை வைத்தால் போதும், ஒருவருடைய 'ஊக்க நரம்பு' எந்தத் தொழிலை நோக்கி ஓடுகிறது என்று அவருடைய கருவி சொல்லிவிடும். ரேஷன் கடைக் கருவியின் சாயல் அதற்கு. அங்கே அரிசி கிடைக்கும். இங்கே விதி.

நூற்பாலை முதலாளி நரசிம்மலு தன் மகள் ஹாரிகாவை அழைத்து வந்திருந்தார். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் சமூக உளவியல் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர இன்றே கடைசி. மாலை ஐந்து மணி.

"மனுசங்களைப் பார்க்கறதெல்லாம் ஒரு வேலையா அம்மணி? மில்லுல தெனமும் பார்க்கறேன்."

"பார்க்கறீங்க நைனா. புரியுதுங்களா?"

"அதைக் கருவி சொல்லட்டும்."

காலையில் விரல், கையில் ஒரு டோக்கன். பிற்பகலில் பலன். பதிவின்போதே எல்லாரும் தங்கள் தொழிலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹாரிகாவுக்கு 'மில்' என்று நரசிம்மலுவே எழுதியிருந்தார். கருவிக்கு அது உதவியாக இருக்குமாம். பலன் தாள்களைப் பெயர் எழுதிய உறைகளில் போட ஆள் போதவில்லை. ஹாரிகா உதவிக்குப் போனாள்.

மூன்று மணிக்கு சசிதர் உறைகளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

மழலையர் பள்ளி ஆசிரியை சாராள் எழுந்தார்.

"உங்க நரம்பு கனரக வாகனங்களை நோக்கி ஓடுது."

சசிதரே தாளை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார் சாராள். "லாரி போனா நின்னு பார்ப்பேனுங்க."

லாரி உரிமையாளர் தனபால் எழுந்தார்.

"தாய்மை ததும்புது. பச்சைக் குழந்தைகளோட இருக்கப் பிறந்தவர்."

"ஆமாங்க." தனபால் கண்ணைத் துடைத்தார். "இத்தனை நாளா எனக்கே தெரியாமப் போச்சுங்க."

முகத்துக்கு நேரே 'இல்லீங்க' சொல்ல எங்கள் ஊர் வாய்க்குக் கூச்சம்.

அடுத்து நரசிம்மலுவுக்குப் படித்தார். "பஞ்சு புரியும். மோட்டார் புரியும். மனுசங்க புரியாது."

"ஆமாங்க. ஊட்டுலயும் அதையேதான் சொல்றாங்க."

பிறகு ஹாரிகாவுக்கு. "ஆளைப் பார்த்தாலே மனசு தெரியும். மனுசங்களை நடத்தப் பிறந்தவர்."

நரசிம்மலு பூரித்துப் போனார். "ரேகையே சொல்லிப்போடுச்சு! போய்ச் சேரு அம்மணி."

மணி நாலு. அவள் போயிருக்கலாம். மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க, உறைக்குள்ள தாளை மாத்திப்போட்டது நானுங்க. எனக்குப் படிச்சது எங்க நைனாவோட பலன். அவருக்குப் படிச்சது என்னோடது. தாள் மூலையில டோக்கன் நம்பர் இருக்குது. ஒத்துப் பாருங்க."

படித்த தாள்களும் பிரிக்காத உறைகளும் கைமாறின. தாள்கள் சரசரத்தன. எந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை.

"நம்பர் தப்பா இருந்துட்டுப் போகட்டுங்க," என்றார் தனபால். "பலன் சரிதானுங்களே!"

"ஆமாங்க," என்றது கூட்டம்.

"பிரபஞ்ச அலை இடம் மாறிடுச்சு," என்றார் சசிதர்.

"ஆமாங்க."

ஹாரிகா மைக்கைத் தாழ்த்தினாள். ஆனால் நரசிம்மலு எழுந்தார். முப்பது வருடம் மோட்டார் பார்த்த கண். கருவியிலிருந்து புறப்பட்ட வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மேசைத் துணிக்கு அடியில் நுழைந்தது. நுழைந்து, சும்மா கிடந்தது.

"ஏனுங்க டாக்டர், இதை எங்கயுமே சொருகலீங்களே?"

"அது வயர்லெஸ்ங்க."

"அப்புறம் வயர் எதுக்குங்க?"

அன்று முதல்முறையாக யாரும் 'ஆமாங்க' சொல்லவில்லை. சாராள் மட்டும் மெல்லிய குரலில், "இல்லீங்க. எனக்கு லாரின்னா பயமுங்க," என்றார். சொல்லிவிட்டு, மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

சசிதர் சமையற்கட்டு வழியாக வெளியேறினார். அவருடைய ஊக்க நரம்பு அன்று அந்தத் திசையில்தான் ஓடியது.

"இப்ப என்ன சொல்றீங்க நைனா?" என்றாள் ஹாரிகா. "உங்க ரேகை பொய்யாப் போச்சே."

"ரேகை கெடக்குது. ஒரு மத்தியானத்துல ஐநூறு பேரை, என்னையும் சேர்த்து, படிச்சுப்போட்டயே. மணி நாலரை. வண்டியில ஏறு."

வாசலில் தனபால் மூச்சிரைக்க ஓடிவந்து கட்டைவிரலை நீட்டினார். "அம்மணி, நீங்களாச்சும் சரியாப் பார்த்துச் சொல்லுங்க." அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை.

"விரல் நல்லாத்தானுங்க இருக்குது. அதை நெத்தியில வச்சு, நெத்திக்கு உள்ள என்ன இருக்குதுன்னு ஒருக்கா யோசிங்க."

"ஆமாங்க," என்றது வரிசை.

யோசிக்காமல்.