வெற்றிலை வட்டாவும் நான் படிப்பித்த மிஸ்ஸிமாரும்

மட்டக்களப்பு,
2009 ஆவணி

பாசமுள்ள மருமகன் திவாகரனுக்கு,

கத்தாரில் எந்த வெயிலில் நின்றாலும் நிழலுக்குப் போய் இதை வாசிக்கவும். தாய்மாமன் விநாயகமூர்த்தி எழுதுவது. கண்ணகை அம்மன் காவலில் இங்கு எல்லோரும் சுகம்.

உன் அம்மா பேசிவிட்டா. பேச வைத்தது யார் என்றால், அடக்கமாகச் சொல்கிறேன், நான்தான். கல்லடியில் கடல் வந்து உன் அப்பாவைக் கொண்டு போனதிலிருந்து அக்கா என் வீட்டில் ‘ஓம்’, ‘இல்ல’ என்ற இரண்டோடு இருந்தது உனக்குத் தெரியும். வைகாசியில் நாட்டில் சண்டை முடிந்த பிறகு அதுவும் நின்றது. இனியும் பேசாவிட்டால் ஆஸ்பத்திரி வார்ட்டில் மறித்து வைத்திருக்க வேண்டும் என்றுவிட்டார் டொக்டர். அந்த நேரம் பார்த்து, வயசானவர்களின் மனசை எப்படிப் பார்ப்பது என்று ஆஸ்பத்திரியில் தாதிமாருக்கு வகுப்பு வைத்தார்கள். கேட்டுப் பழக ஒரு ஆள் வேணும் என்றார்கள், அக்காவைக் கூட்டிப் போனேன். படிப்பிக்க வந்த கொழும்புப் பெரியவர், எட்டாம் வகுப்போடு நின்ற என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். கதிரையில் ஆணி இருந்தது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே.

தாதிமாரில் ஒருத்தி, ஓட்டமாவடி மிஸ்ஸி நிஸ்மியா, கேள்விக் கடதாசியைப் பார்த்து, “அம்மா, மனக்கவலை இருக்கா? நித்திரை வருதா?” என்று பொலிஸ்காரன் மாதிரிக் கேட்டா. அக்கா சுவரைப் பார்த்தா. எனக்குப் பொறுக்கவில்லை.

“மிஸ்ஸி, வெத்திலை வைக்காம எங்கட ஆக்கள் கலியாணமே பேசமாட்டாங்க, கவலையப் பேசுவாங்களா? வட்டாவக் கொண்டு வாங்க. பாயில இருங்க. ஒண்டும் கேக்காதீங்க” என்றேன்.

பாய் வந்தது, வெற்றிலை பாக்கு சுண்ணாம்போடு வட்டா வந்தது. மிஸ்ஸி இரண்டு கையாலும் வட்டாவை நீட்டிவிட்டுச் சும்மா இருந்தா. அக்கா ஒரு வெற்றிலை எடுத்தா, காம்பு கிள்ளினா, சுண்ணாம்பு தடவினா, மென்றா, பேசினா. முழு வசனம். என்ன பேசினா என்பது முக்கியமில்லை. மறிக்கத் தேவையில்லை என்றார் டொக்டர். இனி இலங்கை முழுக்க என் முறைதானாம். மிஸ்ஸிமார் என்னைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ‘சேர்’ என்கிறார்கள்.

நீ கவலையை விட்டு வேலையைப் பார். உன் கை தொட்டதெல்லாம் வயல் மாதிரி விளையட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: நீ டெலிபோன் எடுத்தால் அவவே சொல்லிவிடுவா, ஆகையால் நானே எழுதுகிறேன். பேசியது இதுதான்: “எனக்கு ஒண்டுமில்ல மகள். தம்பிக்குத்தான் சுகமில்ல. கடல் வந்த நாள் தொட்டு கல்லடிப் பாலத்தில கால் வைக்கல்ல. வாயால மட்டும் ஊரெல்லாம் போவான். அவனப் பாருங்க.” மிஸ்ஸி வட்டாவை என் பக்கம் திருப்பினா. நானும் எடுத்துத் தொலைத்தேன். வகுப்புக் கலையும்வரை பேசினேனாம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நோயாளி நான். நேற்றுப் பாலத்தில் பாதிவரை போனோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தா. ஊர்க்காரர் யாரும் அங்கே கேட்டால், நான் அவவின் கையைப் பிடித்திருந்தேன் என்று சொல்.