கடைசி சீன் ஆத்தில்

‘நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு எல்லாரும் ஆத்துக்கு வந்துடுங்கோ. கடைசி சீன். போனை அணைச்சுடணும்.’

கல்லூரி முதலாண்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.42க்கு நான் அனுப்பிய குறுஞ்செய்தி இது. நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. (எதையும் மணியோடு குறித்துவைக்கும் வியாதி அப்போதே உண்டு.)

குறும்படப் போட்டிக்காக ஒரு பழைய நாடகத்தைக் கல்லூரிக் காதல் கதையாக மாற்றியிருந்தேன். கூச்சக்காரன் ஒருவன் காதல் வசனம் எழுதிக் கொடுப்பான். அழகான நண்பன் அதைப் பேசுவான். மூலத்தில் பெண் கிடைப்பது பேசியவனுக்கு. நான் திருத்தி, எழுதியவனுக்கே கொடுத்துவிட்டேன். காரணம், எழுதியவனாக நடித்தது நான், நாயகி கலை. அவளிடம் நேரில் சொல்லத் துணியாததை எல்லாம் கடைசி சீனில் வசனமாக எழுதியிருந்தேன். அழகான நண்பனாக நடித்ததும், கேமரா பிடித்ததும் மதன். அவனும் கலையும் சைதாப்பேட்டை. படத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

காலை ஏழு மணி. பட்டு ஜிப்பா, முகத்தில் அரை டப்பா பவுடர் சகிதம் அபிராமபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றேன். எட்டானது. ஒன்பதானது.

“யாருமே வரலையேடா, இட்லி ஆறிண்டிருக்கு” என்றாள் அம்மா.

ஒன்பதரைக்கு என் சட்டத்தை நானே மீறிப் போனை உயிர்ப்பித்து மதனை அழைத்தேன். நல்லவேளை, அவனும் அணைத்திருக்கவில்லை.

“எங்கடா இருக்கேள்?”

“ஆத்துலதான் கீறோம் நைனா! நீ எங்க?”

“நானும் ஆத்துலதான்டா இருக்கேன்!”

“டபாய்க்காத மச்சி. ரெண்டு மணி நேரமா சேத்துல நிக்கிறோம். ஒரு எருமை கீது, ரெண்டு நாய் கீது. நீ இல்ல.”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் ‘ஆத்துக்கு’ என்றால் வீட்டுக்கு. சைதாப்பேட்டையில் அதற்கு ஒரே பொருள்தான்: அடையாறு.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கலை ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்து செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மதன் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“எடுத்தாச்சு மச்சி. ஹீரோவைக் காணோம், இன்னா பண்றது? கேமராவைக் கல்லு மேல வச்சுட்டு உன் டயலாக்க நானே பேசிட்டேன்.”

“செமயா எழுதிக்கீற” என்றாள் கலை. “மதன் சொல்ல சொல்ல எனக்கு நெசமாவே அழுக வந்துச்சு.”

என் பவுடர் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. (வியர்வை மட்டுமா என்று கேட்காதீர்கள்.)

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ‘மூல நாடகத்துக்கு விசுவாசமான முடிவு’ என்று நடுவர்கள் பாராட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து மதனுக்கும் கலைக்கும் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவர்கள் மகள் என்னை ‘ஆத்து மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சாப்பிட அழைத்தால், “எந்த ஆத்துக்கு?” என்று குடும்பமே கோரஸாகக் கேட்கும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மதன் எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோனவன். “மத்தியானம் ஆத்துக்கு வா, கேசரி பண்றேன்” என்று அம்மா சொன்ன நாளிலெல்லாம் நேரே அபிராமபுரத்துக்குத்தான் வந்தான். ஒருநாளும் அடையாற்றங்கரையில் போய் நின்றதில்லை. அந்தச் சனிக்கிழமை அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லையா? பலமுறை கேட்டுவிட்டேன். கலையைப் பார்த்துச் சிரிக்கிறான். இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.