பதினான்கு மிக்ஸிகளும் ஒரு குட்டி நாற்காலியும்

நான் வாங்கிய பி.இ. பட்டத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த ஒரு நாளில் பதினான்கு வீட்டு மிக்ஸிகள் படுத்துவிட்டன. அதுவும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால்.

சிதம்பரத்தில் நான்கு வருடம் எலெக்ட்ரிகல் படித்தேன். மோட்டாரைப் பற்றி எழுதச் சொன்னால் எண்பது பக்கம் எழுதுவேன், படமும் போடுவேன். நிஜ மோட்டாரைத் தொட வேண்டிய லேப் வகுப்பில் மட்டும் என் முறை வரும்போது பெல் அடித்துவிடும். (அடிக்காத நாட்களில் எனக்குத் தாகம் எடுத்துவிடும்.) படிப்பு முடிந்ததும் கடலூரில் ஒரு கூரியர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சிதம்பரத்துப் பெண் சுதாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சடித்ததோடு அந்தப் பட்டத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

முதுநகரில் நாங்கள் குடியேறிய தெரு சாதாரணத் தெரு இல்லை. எதிர் வீட்டு கல்யாணி டீச்சர் அதை அப்படி விடவில்லை. தெரு முழுவதற்கும் ஒரே ஏணி, ஒரே துளை போடும் மெஷின். வேண்டியவர்கள் எடுத்துப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். மளிகைக் கடை வாசலில் ஆணி அடித்துத் துணிப்பைகள் மாட்டியிருக்கும். பை கொண்டுவர மறந்தவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த தடவை கொண்டுவந்து மாட்டலாம். காய்கறிக் குப்பை தெருமுனைத் தொட்டியில் எருவாகி மொட்டைமாடிக் கத்தரிச்செடிகளுக்குப் போகும். வந்த புதிதில் இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒருவரும் ஒருவரையும் மிரட்டவில்லை, ஆனாலும் நடந்தது.

ஒரு நாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, மிக்ஸி ரிப்பேர்னா எல்லாரும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடறாங்க. ஒரு புது மிக்ஸி செய்யறதுக்குள்ள எங்கெங்கயோ எவ்ளோ கரி எரியுது, எவ்ளோ லாரி ஓடுது. பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்டுனா அத்தனையும் மிச்சம். ஞாயித்துக்கிழமை அங்கன்வாடியில ஒரு ரிப்பேர் நாள் வைக்கலாம்னு இருக்கோம். நீங்க எலெக்ட்ரிகல் என்ஜினியராமே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் சுதா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"மிக்ஸி எல்லாம் சின்ன விஷயம் டீச்சர்" என்றேன்.

அன்று சாயங்காலமே சுதா சிதம்பரத்துக்கு போன் போட்டுவிட்டாள். "அம்மா, உன் மிக்ஸியையும் குடுத்து வுடு. இவரு பாத்துத் தருவாரு."

அந்த வாரம் முழுக்க போனில் மிக்ஸி பிரிக்கும் வீடியோக்களாகப் பார்த்தேன். பிரிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது! மாட்டுகிற பகுதி வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஞாயிறு காலை அங்கன்வாடிக்குப் போனேன். சுவரெல்லாம் அ, ஆ, அணில், ஆடு. பெரியவர்கள் உட்கார அங்கே இடமே இல்லை. எல்லாம் முழங்கால் உயர மேஜைகள், கைப்பிடி வைத்த குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள். உதவியாளராக வேலை பார்க்கும் பிலோமினா சாவி கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டு, மூலையில் ஒரு பாயில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் முடித்ததும் பூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்தில் இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும்.

தூறலில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். மிக்ஸி நனையாமல் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, சொட்டு மருந்து போடக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல வந்தார்கள். ஒவ்வொருவரும் மேஜையில் இறக்கிவைத்து நோயையும் சொன்னார்கள். "ரெண்டு நாளா முனகுது சார்." "தேங்கா போட்டா மூச்சு வாங்குது." "கருகுன வாசன ஜாஸ்தியா வருது." கடைசியாக என் மாமனார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் மிக்ஸியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இருவத்திரெண்டு வருசம் ஓடுன மிக்ஸி மாப்ளே" என்றார். பிறகு அங்கிருந்த எல்லோரையும் பார்த்து, "நம்ம மாப்ள என்ஜினியர்" என்றார்.

சுதா தூக்கிவந்த எங்கள் வீட்டு மிக்ஸியோடு சேர்த்துப் பதினான்கு மிக்ஸிகள். ஒவ்வொன்றாகச் சரி செய்திருந்தால் ஒன்றோடு என் மானம் போயிருக்கும். எனக்கு அது போதவில்லை. பெரிய தொழிற்சாலைபோல வேலை நடத்த வேண்டும் என்று தோன்றியது. முதலில் பதினான்கையும் பிரிப்பது. பிறகு பதினான்கையும் துடைப்பது. பிறகு பதினான்கையும் மாட்டுவது. பேப்பர் கப்பெல்லாம் டீச்சர் தெருவுக்குள்ளேயே விடமாட்டார் என்பதால் பதினான்கு கொட்டாங்குச்சிகள் வாங்கி, சாக்பீஸால் நம்பர் எழுதி, அந்தந்த மிக்ஸியின் ஸ்குரூ, வாஷர், ஸ்பிரிங், கார்பன் எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன். கார்பன் என்றால் மோட்டாருக்குள் உரசிக்கொண்டே இருக்கும் சின்னக் கரித்துண்டு. ஒரு மிக்ஸிக்கு இரண்டு.

பதினொரு மணிக்குப் பிரித்து முடித்துவிட்டேன். பெண்கள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் என்னைப் பார்த்து எனக்கே பிரமிப்பாக இருந்தது.

அந்தப் பெருமிதத்தோடு எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது.

குழந்தைகளுக்காகச் செய்த கைப்பிடிகள் என் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தன. பின்னால் என்ன தொங்குகிறது என்று பார்க்கத் திரும்பினேன். நாற்காலியின் கால் மேஜையில் இடித்தது. மேஜை சாய்ந்தது. பதினான்கு கொட்டாங்குச்சிகளும் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு தரையில் விழுந்தன. ஸ்குரூக்கள் அணில் படத்துக்கு அடியில் ஓடின. வாஷர்கள் வாசல்வரை உருண்டன. கார்பனைக் குறைக்க வந்தவன் இருபத்தெட்டு கார்பன்களைத் தரையில் கொட்டிவிட்டு, பின்னால் நாற்காலியோடு நின்றேன்.

சுதாதான் நாற்காலியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் பிரச்சனை இல்ல, எல்லா மிக்ஸிக்கும் ஒரே ஸ்குரூதான்" என்றேன். (இல்லை. நிச்சயமாக இல்லை.) கைக்கு வந்ததையெல்லாம் அள்ளி, முதலில் மாமாவின் மிக்ஸியை மாட்டினேன். உள்ளே இரண்டு வயர்கள் மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்தன. எங்கே இடம் இருந்ததோ அங்கே கொடுத்தேன். டீச்சர் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் தயாராக வைத்திருந்தார். ஜாரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மாமாவை அருகில் அழைத்து, சுவிட்சைத் திருகினேன்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. இதைப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்: இந்த வகை மோட்டாரில் வயரை மாற்றிக் கொடுத்தால் சுற்றும் திசை மாறும். திசை மாறினால் ஜாருக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் தானாகக் கழன்று மேலே ஏறும் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஏறியது. ஜாரைத் தூக்கியது. ஜார் ஒரு துள்ளு துள்ளி மூடியை எறிந்தது. சட்னியில் பாதி சுவரில் இருந்த ஆட்டின் மேலும், மீதி மாமாவின் வெள்ளைச் சட்டை மேலும் போய் உட்கார்ந்தன.

மாமா மீசையிலிருந்து ஒரு கடலைத் துணுக்கை எடுத்துக் கீழே போட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கூட்டத்தில் ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். "புதன்கிழம தீபாவளி சார். வடைக்கு எதுல அரைக்கிறது?"

டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி இந்தத் தெருவில் யாராவது எதையாவது தூக்கிப் போடாமல் ரிப்பேருக்குக் கொண்டு வருவார்களா? அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நம்பிக்கையை ஒரே காலையில் சிந்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூலையிலிருந்து பிலோமினா எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கரித்துண்டுகளில் ஒன்றை எடுத்து நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"சார், நான் கொஞ்சம் பாக்கட்டுமா? கல்யாணத்துக்கு முன்னாடி பத்து வருசம் துறைமுகத்துக்கிட்ட ஒரு பட்டறையில மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தி காயில் கட்டிக்கிட்டிருந்தேன். படகு மோட்டார், தண்ணி மோட்டார் எல்லாம்."

"அக்கா! காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"என்ஜினியர்னு சொன்னாங்க. நாம எதுக்கு குறுக்க பேசணும்னு இருந்துட்டேன்."

ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றிவிட்டு, காதருகே வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். தேய்ந்த கரித்துண்டின் முனையில் இருக்கிற வளைவைப் பார்த்து இது பெரிய மோட்டாருடையது, இது சின்னது என்று பிரித்தார். நானும் அதே துண்டுகளைப் பார்த்தேன். இருபத்தெட்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. சில ஜோடிகளில் அவருக்கே சந்தேகம் வந்தது. நிமிர்ந்து பெண்களைப் பார்த்தார்.

"உங்க மிக்ஸி எப்படிச் சத்தம் போடும்? போட்டுக் காட்டுங்க. சத்தத்தைக் கேட்டா கரி எவ்ளோ தேஞ்சிருக்கும்னு சொல்லிடுவேன்."

முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு அந்த வடைக்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டு "ங்ஙொய்ய்ய்… டக்… ங்ஙொய்ய்ய்" என்றார்.

"நடுவுல நின்னு நின்னு ஓடுது. ரொம்பத் தேஞ்ச ஜோடி, இதுதான்" என்று இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார் பிலோமினா.

அடுத்தவர் "கிர்ர்ர்ர்" என்றார். "பேரிங் காஞ்சு போச்சு. எண்ண விட்டா போதும்." இன்னொருவர் விசில்போல ஊதினார். எத்தனை வருடமாக விடியற்காலையில் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்தார்கள்! தன் வீட்டு மிக்ஸியின் சத்தம் தெரியாத ஒரு பெண்கூட அங்கே இல்லை. நான்கு வருடம் மோட்டார் படித்த எனக்கு, எங்கள் வீட்டு மிக்ஸி எப்படிச் சத்தம் போடும் என்று தெரியாது.

மாமாவின் முறை வந்தது. அவர் சட்னிச் சட்டையோடு போனை எடுத்து அத்தைக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இந்தா, நம்ம மிக்ஸி எப்படிச் சத்தம் போடும்?"

"ஏன், என்னாச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆவல. சத்தம் போடு."

சிதம்பரத்திலிருந்து அத்தையின் குரல் எழுந்தது. "உய்ய்ய்ய்ய்… க்கும்… உய்ய்ய்ய்ய்ய்." மாமா தலையை ஆட்டினார். "க்கும் ரெண்டு தடவ வரும்" என்று திருத்தவும் செய்தார்.

பிலோமினா சிரித்துக்கொண்டே இரண்டு கரித்துண்டுகளை எடுத்துப் போட்டார். நான் கொடுத்த வயரை மாற்றினார். மூன்று ஸ்குரூவை இறுக்கினார். என் வேலை, போன் டார்ச்சைப் பிடிப்பது. "ஸ்டார் ஸ்குரூடிரைவர் குடுங்க சார்" என்பார். கொடுப்பேன். "இது ஃப்ளாட் சார்" என்பார். மாற்றிக் கொடுப்பேன். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் தேடவில்லை, எதையும் அழுத்தவில்லை. ஸ்குரூ தானாக அந்த விரல்களுக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது. ஒரு மோட்டாரில் அறுந்து கிடந்த, முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான செம்புக் கம்பியை நகத்தால் சுரண்டி முறுக்கிச் சேர்த்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோயில் சந்நிதியில் நிற்கும்போதுகூட நான் இத்தனை பயபக்தியோடு நின்றதில்லை.

நான்கு மணிக்கு மழை விட்டது. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். மாமாவின் மிக்ஸி உய்யென்று எழுந்து, இரண்டு தடவை இருமி, ஓடியது. போனில் அத்தை, "இதுதான்! இதேதான்!" என்று கத்தினார். பன்னிரண்டு மிக்ஸிகள் தத்தம் வீட்டுச் சத்தத்தோடு துண்டுக்குள் திரும்பிப் போயின. ஒன்றுக்குக் காயிலே கருகியிருந்தது. பிலோமினா வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாளே கட்டிக் கொண்டுவந்தார். பதினான்காவது பிழைக்கவில்லை, அதன் ஸ்பிரிங்கும் வாஷரும் மற்ற மிக்ஸிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது எங்கள் வீட்டு மிக்ஸி. அந்தத் தீபாவளிக்குச் சுதா பக்கத்து வீட்டில்தான் அரைத்தாள்.

எல்லோரும் போன பிறகு ஆட்டின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பிலோமினாவிடம், "இத்தன நாளா உங்கள நான் கேக்கவே இல்ல பாரு. என்ஜினியரத்தான் தேடுனேன்" என்றார். பிலோமினா, "நீங்க தேடுனதும் நல்லதுதான் டீச்சர். சார் கொட்டலன்னா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே ரிப்பேர் நாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து, கிள்ளையிலிருந்துகூட மின்விசிறியும் கிரைண்டருமாக வருகிறார்கள். பிலோமினா நடத்துகிறார். தெருப் பெண்கள் ஆறு பேர் அவரிடம் காயில் கட்டப் பழகிவிட்டார்கள். நான் டீ கொடுக்கிறேன். நல்ல டீ என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் நான் போய் இறங்கினால், அத்தை டிவி ரிமோட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். அது விளையாட்டாகத் தொடங்கியது; இப்போது பழக்கமாகிவிட்டது.

என் மகள் அதே அங்கன்வாடியில்தான் படிக்கிறாள். போன மாதம் புதிதாக வந்த டீச்சர் குழந்தைகளிடம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். ஒன்று மீன் பிடிக்கிறார் என்றதாம், ஒன்று பஸ் ஓட்டுகிறார் என்றதாம். என் மகள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்:

"எங்கப்பா பிரிப்பாரு. பிலோமினா அத்த மாட்டுவாங்க."