ஆறுகுண்டுக்காரரும் காலியான பிஸ்டலும்

சேலம் ஜில்லாவிலேயே வாழைப்பழத்துக்குப் பயந்த ஒரே முன்னாள் பட்டாளத்துக்காரர் எங்கள் ஆறுகுண்டுதான். யாராவது பழத்தை அவர் பக்கம் நீட்டினால், அதன் நுனியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் வாங்குவார். குடை, பேனா எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான்.

எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் ஒரு துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மெக்கானிக். ரிவால்வரின் ஆறு குண்டுகளை ஓயாமல் புகழ்ந்ததால் அந்தப் பெயர்.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் சிக்கிக்கொண்டால் எதிரியிடம் தவணை கேட்க வேண்டும் என்பார். பிஸ்டலில் எட்டுத் தோட்டா கொள்ளுமே, சீக்கிரம் நிரப்பலாமே, சுடும்போது கையையும் அவ்வளவாக உதைக்காதே என்று நான் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டுவிட்டு ரிவால்வர் புராணத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒரே ஒரு முறை காரணம் சொன்னார்.

"உருளையைத் தொறந்தா ஆறு குழியும் கண்ணுக்குத் தெரியுமுங்க சாமி. பிஸ்டல்ல தோட்டா அடுக்கின மேகசினைக் கழட்டினாலும் குழாய்க்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கும்."

ஒரு நாள் மத்தியானம், எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் தன் பிஸ்டலோடு வந்தார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மேகசினை உருவி மேசைமேல் வைத்தார். மேல்பாகத்தையும் பின்னுக்கு இழுத்துக் காட்டச் சொன்னார் ஆறுகுண்டு.

"காலிங்க. வேணும்னா பாருங்க" என்று சிரித்தபடியே, பண்ணைக்காரர் அதை என் நெஞ்சுக்கு நேராக நீட்டி விசையை அழுத்தினார்.

அதற்குள் ஆறுகுண்டின் கை குறுக்கே பாய்ந்து குழாயைத் தட்டிவிட்டது. என் காது அடைத்துப்போயிற்று. தோட்டா எனக்குப் பின்னால் அலமாரியில் இறங்கியிருந்தது. போகிற போக்கில் அது ஆறுகுண்டின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. பண்ணைக்காரர் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஆறுகுண்டோ, கீழே விழுந்த பிஸ்டலை முழங்காலுக்கிடையில் இடுக்கி, இடது கையால் மேல்பாகத்தை இழுத்து, உள்ளே காலிதானா என்று பார்த்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நான் கேட்காமலே சொன்னார்.

"பட்டாளத்துல வெண்ணந்தூர்க்காரன் ஒருத்தன் எனக்குக் கூட்டாளி. மேகசினைக் கழட்டிட்டு, காலின்னு நெனச்சு விசையை அமுக்கிட்டேன். எதுத்தாப்புல உக்காந்து ஊட்டுக்குக் கடுதாசி எழுதிட்டிருந்தானுங்க."

கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "பாதிக் கடுதாசிதான் ஊட்டுக்குப் போச்சு."

பண்ணைக்காரர் மேல் வழக்கு நடந்தது. பிஸ்டல் போலீஸிடம் போயிற்று. ஆறுகுண்டு மறுபடி எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. அவருக்குக் குடும்பம் கிடையாது. கட்டுப் பிரிக்கும்வரை என் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய்ப் பிசைந்து ஊட்டினேன். உப்புப் பத்தவில்லை என்று தினமும் திட்டினார். அந்தத் திட்டை வாங்கத்தான் சைக்கிளை அவ்வளவு வேகமாக மிதித்துக்கொண்டு போவேன்.