முன்னுரை வாத்தியார்

முன்னுரை வாத்தியார் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னக் கணக்கைச் சின்ன வீடியோவில் புரியவைத்துவிட வேண்டும் என்று நல்ல மனதோடுதான் செல்போனை ஸ்டாண்டில் மாட்டுவார். ஆனால் சுழன்று வரும் தன் பெயர், அதற்கொரு இசை, வணக்கம், கணிதத்தின் பெருமை, தன் அனுபவத்தின் பெருமை என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ள, கணக்குக்கு இடமிருக்காது. கணக்கா? அது அடுத்த பகுதியில்!

அன்று நம் வாத்தியார் எடுத்துக்கொண்டது, மூன்றை அரையால் வகுப்பது. அவர் மனைவிக்கு மறுநாள் அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு. பின்னக் கணக்கு வந்தாலே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறாரே என்று நம்பி வீடியோவைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் திரையைத் தள்ளித் தள்ளி ஓட்டுவதை வாத்தியார் பார்த்துவிட்டார்.

"ஏம்மா ஓட்டுற?"

"கணக்கு எங்க இருக்குன்னு தேடுறேங்க. எங்க நிறுத்தினாலும் நீங்கதான் வர்றீங்க."

"அது வந்து... ஆர்வத்தைத் தூண்டுறதுக்கு..."

"நாளைக்குப் பரீட்சை. இதுக்கு மேலயா தூண்டணும்? மூணை அரையால வகுத்தா எப்படி ஆறு வரும்? வகுத்தா குறையத்தானே செய்யணும்?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். மனைவி பார்த்த பார்வையில், வந்த பேருரை உள்ளேயே போயிற்று. தையல் மெஷின் மேல் கிடந்த ரிப்பனில் மூன்று மீட்டர் அளந்து நீட்டினார்.

"அரை அரை மீட்டரா வெட்டு. எத்தனை துண்டு?"

"ஆறு! அட, மூணுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதான் கேக்குறாங்களா? இதையே வீடியோவுல காட்டியிருக்கலாமே!"

"காட்டலாம்தான். ஆனா இதுல நான் எங்க வர்றேன்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே, கையும் ரிப்பனும் மட்டும் தெரிய இன்னொரு வீடியோ எடுத்தார். ஒரு கேள்வி, சில வெட்டுகள், ஒரு விடை. அவ்வளவுதான்.

மனைவி தேறிவிட்டார். அலுவலகத் தோழிகளும் அந்த வீடியோவைக் கேட்டார்கள். அனுப்பும் நேரத்தில் வாத்தியாருக்கு ஒரு சின்ன ஆசை: இது எவ்வளவு சுருக்கமான வீடியோ என்று ஆரம்பத்தில் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னார். அது வீடியோவைவிட நீளம்.

சிரிக்கிறீர்களா? பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டவருக்கு அந்தச் சாலை போட்ட கதையைச் சொல்லி, பஸ்ஸைக் கோட்டைவிட வைத்தவர் யார்? நீங்கள் இல்லையா? அப்படியானால் 'இல்லை' என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள் பார்ப்போம். நானும் ஒரு சொல்லில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன்.